சாட்சியில் விடுபட்ட பெயர்

எங்கள் சபை கூடும் சாக்கு ஷெட்டின் தகரக் கூரையில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணி கடந்திருக்கும். போதகர் ஐயர் மூணாறிலிருந்து மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் பாட்டு, ஜெபம், அதன் பிறகு சாட்சி. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் சபை நடுவே எழுந்து நின்று சொல்வதைத்தான் சாட்சி என்போம். அன்று என் கணவர் எழுந்தார்.

அவர் நாலு பேர் முன்னால் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையை இடித்து, "டீச்சரம்மா, அண்ணன் எந்திரிச்சிட்டாக" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

"எல்லாருக்கும் தெரியும், போன வருசம் மழைக்கு முந்தி சூசையை ஆனை அடிச்சுது" என்று ஆரம்பித்தார். "நான் கூட இருந்தேன். தண்ணிக் கானுக்குள்ள விழுந்து கெடந்தேன்னு சொல்லியிருக்கேன். அது நெசம். ஒண்ணு மட்டும் சொல்லல. சூசை என் பேரச் சொல்லி ரெண்டு தடவ கூப்பிட்டான். எனக்குக் கேட்டுச்சு. நான் வாயத் திறக்கல."



பெண்கள் பக்கத்தின் மறுகோடியில், கதவோரம், சூசையின் மனைவி ராகேல் உட்கார்ந்திருந்தாள். அவள் திடுக்கிடவில்லை. முன்பே கேட்ட பாட்டைக் கேட்பவளைப் போல மெல்லத் தலையை அசைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அவர் பேசிக்கொண்டே போனார். பயம் தன்னை எப்படிப் பிடித்தது, ராகேல் தங்கச்சி எப்படித் தன்னோடு முழங்கால் போட்டு ஜெபித்தாள், கர்த்தர் எப்படி அந்தப் பாரத்தை இறக்கினார். ஐயருக்கு நன்றி சொன்னார். பாட்டு எடுத்துக்கொடுக்கும் கிழவருக்கு நன்றி சொன்னார். பாய் விரித்துப் போடுகிறவனுக்குக்கூட. நான் என் பெயருக்காகக் காத்திருந்தேன்.

"ஆமென்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

முதலில் ஒரு திருத்தம்

சென்ற வாரம் இந்தத் தொடரில், எங்கள் எஸ்டேட் பள்ளியில் நான் சேர்ந்தது திருமணத்துக்கு அடுத்த ஆண்டு என்று எழுதியிருந்தேன். நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதே ஆண்டுதான். சிறு பிழை என்றாலும் பிழை.

இந்த அத்தியாயத்துக்கு அப்படிக் கடிதம் ஏதும் இல்லை. அந்த நாட்களில் சுவரில் தொங்கிய சபைப் பஞ்சாங்கத்தின் ஓரங்களில் பென்சிலால் எல்லாவற்றையும் குறிப்பேன். அந்த வருடத்துத் தாள்களின் மேற்பகுதியைப் பூச்சி அரித்துவிட்டது. கிழமைகள் இருக்கின்றன, மாதம் இல்லை. மாநிலத்தை எப்படிப் பிரிப்பார்கள், நாம் எந்தப் பக்கம் போவோம் என்று போடிச் சந்தையிலிருந்து திரும்புகிறவர்கள் எல்லாரும் பேசிய காலம். அந்த அளவுக்குத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

சின்னக்கானலுக்கும் சூரியநெல்லிக்கும் இடையில் இருந்தது எங்கள் தேயிலை எஸ்டேட். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். என் கணவர் பெயர் ஞானமுத்து. எழுத்தில் சொல்லலாம், வாயால் நான் சொன்னதில்லை. தொழிற்சாலையில் வாட்டு மாடியில் வேலை. பறித்த கொழுந்தைப் பரப்பிக் காற்றில் வாட வைக்கிற இடம் அது. திருமணமாகி நான்கு வருடங்கள். குழந்தை இல்லை.

நான் நிறையப் படிப்பேன். யுத்தங்களின் தேதி, ராஜாக்கள் பட்டத்துக்கு வந்த தேதி எல்லாம் புத்தகங்களில் இருக்கின்றன. ஒரு மனிதனைப் பயம் எந்தத் தேதியில் பிடித்தது, எந்தத் தேதியில் விட்டது என்று எந்தச் சரித்திரக்காரரும் எழுதியதாகத் தெரியவில்லை. என் கணவர் விஷயத்தில், மாதம் அழிந்துபோனாலும், இரண்டு நாளும் எனக்குத் தெரியும். இரண்டாவதைக் குறித்தபோது பென்சில் முனை தாளைக் கிழித்துவிட்டது.

மஞ்சுக்குள் வந்தது

சூசையும் என் கணவரும் ஒரே வயது, ஒரே வேலை. விடிந்தும் விடியாத நேரத்தில் சேர்ந்தே நடப்பார்கள். லயத்திலிருந்து தொழிற்சாலைக்கு அரை மைல். நடுவில் பாதை ஒரு சதுப்பை ஒட்டி வளையும். அங்கே மஞ்சு இறங்கினால் நீட்டிய கை தெரியாது.

அந்த வளைவில் யானை நின்றிருக்கிறது. சத்தமே இல்லையாம். பாறை நகர்ந்ததுபோல் இருந்தது என்று பின்னால் சொன்னார். இவர் மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தேயிலைக்கு நடுவே வெட்டியிருந்த கானில் விழுந்தார். சூசை ஓடினான்; யானை அவனை எட்டி அடித்துக் கொன்றது.

ஆட்கள் போய்த் தூக்கியபோது என் கணவர் கானுக்குள்ளேயே கிடந்தார், உடம்பில் ஒரு கீறல் இல்லாமல். "கர்த்தர் காப்பாத்திட்டாரு" என்று எல்லாரும் சொன்னார்கள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கும். அது ஏன் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் வேலைக்குப் போகவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் சத்தத்துக்கே எழுந்து நிற்பார். கையைப் பிடித்தால் அப்போதுதான் பிடித்த மீன்போல ஈரமாக இருக்கும். வேலை போனால் லயத்து வீடும் போகும். பதினைந்தாம் நாள் காலை, "வாங்க, நான் கூட வாரேன்" என்றேன்.

அரை மைல் கதை

ஒரு கையில் பிஸ்கட் டின்னும் குச்சியும். மறு கையில் அவர் கை. டின்னைத் தட்டினால் யானை விலகிப் போகும் என்பது அங்கே எல்லாரும் அறிந்தது. டின் யானைக்கு. அவருக்கு வேறு ஏதாவது வேண்டியிருந்தது.

போடியிலிருந்து காய்கறி கொண்டுவருகிறவர் எனக்காக வாரப் பத்திரிகைகள் வாங்கி வருவார். அவற்றில் வந்த தொடர்கதைகளை வழியெல்லாம் சொல்வேன். வளைவு நெருங்கும்போது கதையில் யாராவது கிணற்றில் தள்ளப்படுவார்கள், அல்லது கல்யாணப் பந்தலில் பழைய காதலன் வந்து நிற்பான். அவர் மூச்சு என் பக்கம் திரும்பும். தொழிற்சாலை வாசலில் சட்டென்று நிறுத்திவிடுவேன்.

"அப்புறம்?"

"நாளைக்கு."

"கொல்லுதியே" என்பார். அந்த ஒரு சொல்லில் எனக்கு நாள் நிறைந்துவிடும்.

எல்லா வாரமும் பத்திரிகை வராது. வராத வாரங்களை நானே கட்டிச் சொன்னேன். ஒருமுறை செத்துப்போன தாசில்தார் ஒருவரை நான் எழுப்பிவிட, அடுத்த இதழில் அவருக்குப் பதினாறாம் நாள் விசேஷம் நடந்துகொண்டிருந்தது. சமாளித்தேன். இல்லாததை இருப்பதுபோலச் சொல்ல எனக்கு நன்றாக வரும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவரை விட்டுவிட்டுத் திரும்பும்போது நான் தனியாகத்தான் வருவேன். ஒருநாளும் பயந்ததில்லை. ஞாயிறு நீங்கலாக முந்நூற்றுப் பதினொரு காலை. ஒவ்வொன்றுக்கும் பஞ்சாங்கத்தில் ஒரு கோடு இருக்கிறது.

இதை எப்படிச் சொல்வது? அது என் வாழ்வின் மிக நல்ல வருடம். ஒரு மனிதன் நடுங்கிக்கொண்டிருந்தான். நான் சந்தோஷமாக இருந்தேன்.

ராகேல்

ராகேல் என்னைவிட இரண்டு வயது இளையவள். கொழுந்து எடுக்கிறவள். விரலெல்லாம் கறை பிடித்துக் கறுத்திருக்கும். எழுத்து தெரியாது. பேச்சு மட்டும் நாலு லயத்துக்குக் கேட்கும். மேஸ்திரி அவள் கூடையை எட்டிப் பார்த்தால், "என்ன பாக்கீரு, உள்ள உம்ம மாமியாளா இருக்கா?" என்பாள்.

சூசை போனபின் அவளும் ஒரு மகளும் அதே லயத்தில் இருந்தார்கள். அவள் எதிரே வந்தால் என் கணவர் சந்துக்குள் திரும்பிவிடுவார். ஒரு ஞாயிறு மதியம் அவளே எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வராமல் வாசலில் நின்றபடி கேட்டாள்:

"அண்ணே, செத்தது எங்க வீட்டு ஆளு. நீங்க எதுக்கு ஒரு வருசமா செத்துக்கிட்டு இருக்கீய?"

நான் காப்பி போட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது இருவரும் முழங்காலில் இருந்தார்கள். அவர் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. காப்பி தம்ளர்களோடு நான் நின்றேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து சாக்கு ஷெட்டின் திறந்த வாசலில் அரை மணி நேரம் ஜெபம். அவளும் அவரும் பாட்டுக் கிழவரும். ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. ஊரில் யாரும் ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கணவனைப் பறிகொடுத்த பெண்மீது, அதுவும் ஜெபம் செய்கிறவள்மீது, பொறாமைப்படுகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

சாப்பிடும்போது, "ராகேல் சொல்லிச்சு" என்று ஆரம்பிப்பார். ரசத்தில் உப்பு கூடியதைக்கூட ராகேல் சொன்ன ஏதோ ஒன்றோடு சேர்த்துப் பார்ப்பார். பஞ்சாங்க ஓரத்தில் 'ரா' என்று எழுதி, அவர் அப்படிச் சொன்ன ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி வைத்தேன். ஒரு புதன்கிழமைக்கு நேரே ஆறு புள்ளிகள் இருக்கின்றன. இப்போது பார்க்கும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருப்பதை அழிக்கும் பழக்கம் எனக்கில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டாவது கோடு விழவில்லை

நடையில் மாற்றம் தெரிந்தது. கதை சொல்லிக்கொண்டிருப்பேன்; அவர் உதடு தனியாக அசையும். ஏதோ ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். வாசலில் கதையை நிறுத்தினால் 'அப்புறம்?' வராது. ஒருநாள் வேண்டுமென்றே கதாநாயகியைக் கிணற்றில் தள்ளி நிறுத்தினேன். "செரி, பாத்துப் போ" என்றார். அவள் இன்றுவரை அந்தக் கிணற்றுக்குள்தான் இருக்கிறாள்.

கை உலர்ந்திருந்தது. அதைத்தான் முதலில் கவனித்தேன். மீன் ஈரம் போய்விட்டது. அதற்காக ஒரு வருடம் வேண்டிக்கொண்டவள் நான். வேண்டியது கிடைத்தபோது திருடு போனதுபோல இருந்தது.

முந்நூற்றுப் பதினொன்றாம் நாள் மாலை, கம்பளியை மடித்துக்கொண்டே சொன்னார்: "லில்லி, நாளையிலருந்து நீ வர வேண்டாம். நான் போயிக்கிடுவேன்."

"பயம்?"

"இல்ல."

அந்தப் பதிலைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். கல்யாணத்தன்று பார்த்த சிரிப்பு. அது எனக்காக வந்ததல்ல.

மறுநாள் காலை சும்மா இருக்க முடியாமல், பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரம் கிளம்பினேன். எதிர்த்திசை, சதுப்பும் இல்லை, வளைவும் இல்லை. பாதி வழியில் கால் நின்றுவிட்டது. மஞ்சுக்குள் எல்லாப் புதரும் யானையாக நின்றன. இத்தனை நாளும் அவருடைய பயத்தைச் சுமந்ததில் என்னுடையதைப் பார்க்கவே எனக்கு நேரமில்லை. இப்போது அது தன்னந்தனியாக என்னிடம் வந்து நின்றது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெபிக்கத் தோன்றவில்லை. அது ராகேலின் சொத்து என்று எனக்குள் எழுதி வைத்திருந்தேன்.

ஒரு மாதம் இப்படிப் போனது. அதற்குப் பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாட்சி.

வியாழக்கிழமை சொன்னது

சாட்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் ஒன்றும் கேட்கவில்லை. குழம்பைச் சூடாக்கினேன். முந்நூற்றுப் பதினொரு காலை என் கையைப் பிடித்து நடந்தவர், சூசை கூப்பிட்டதை என்னிடம் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு மதியம் வாசலில் நின்றவளிடம் சொல்லியிருக்கிறார். அவளிடம், அந்தச் சூசையின் மனைவியிடமே. என்னால் அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

நான் தவறான நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். யானைப் பயம் என்று நினைத்து டின்னைத் தட்டினேன். அவருக்கு இருந்தது தீர்ப்பின் பயம். சூசையை அடித்த அந்த யானை மறுபடி தன்னைத் தேடி வரும், அதுதான் நியாயம் என்று நம்பியிருக்கிறார். அதை மன்னிக்கிற உரிமை உள்ள ஒரே பெண் வந்து, கர்த்தரும் மன்னித்தார், நானும் மன்னித்தேன் என்று சொன்னதும் கை உலர்ந்துவிட்டது. இது எனக்கு அன்றே புரிந்தது. புரிந்ததால் பொறாமை குறையவில்லை, கூடியது.

வியாழன் மாலை அவர் கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் சொன்னேன்:

"சதுப்பு வளைவுல ரெண்டு ஆனை நிக்குதாம். ஒண்ணு குட்டியோட. காய்கறிக்காரர் பாத்தாராம். ஒரு வாரத்துக்கு நகராதுன்னாரு."

காய்கறிக்காரர் அன்று வரவே இல்லை.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்த முகத்தையே மறுபடியும். "அந்த எடத்துலயா?" என்றார்.

"அந்த எடத்துலதான்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு வாரியா?" என்று கேட்டார்.

ஒரே ஒரு வெள்ளிக்கிழமை

அந்த ஒரு நாளைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். எனக்குக் குற்றவுணர்வு இல்லை. விடியலில் டின்னை எடுத்தபோது பாட்டுகூட முணுமுணுத்தேன். அவர் கை மறுபடி ஈரமாக இருந்தது. ஜெபம்தான் செய்துகொண்டு வந்தார், ஆனால் என் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டு செய்தார். வளைவில் நான் தட்டிய தட்டில் இல்லாத யானைகள் எல்லாம் ஓடியிருக்கும்.

தொழிற்சாலை வாசலில், "நீ தனியாத் திரும்பிப் போவியா? ஆனை நிக்குதே" என்று கேட்டார்.

"எனக்கென்ன பயம்" என்றேன். இல்லாத யானைக்கு யார் பயப்படுவார்கள்?

ஆனால் அவர் நல்ல மனிதர். நல்ல மனிதரிடம் பொய் சொன்னால் அது அவரோடு நிற்காது. அன்றே மேஸ்திரியிடம் போய், கொழுந்துக்காரப் பெண்களை அந்தப் பாதையில் அனுப்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். மேஸ்திரி அவர்களை மலையைச் சுற்றி அனுப்பினான். வழுக்குப் பாதை, மழை, முதுகில் கூடை. சனிக்கிழமைக்கும் அதே உத்தரவு. தொழிற்சாலை ஆட்களுக்கு மட்டும் வேறு வழி இல்லை. அவர்கள் வளைவைக் கடந்துதான் ஆக வேண்டும்.

தகரச் சத்தம்

சனிக்கிழமை விடியலில் நாங்கள் பாதி வழி போயிருப்போம். முன்னால் மஞ்சுக்குள்ளிருந்து தகரம் தட்டும் சத்தம் வந்தது. என் கையில் இருந்த டின் சும்மா இருந்தது.

வளைவில் ராகேல் நின்றாள். தலையில் சாக்கு, கையில் மண்ணெண்ணெய் டின். கண்ணை மூடிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். தட்டிக்கொண்டே உரக்க ஜெபித்தாள்.

"ராகேலு! நீ எதுக்கு இங்க வந்த?" என்று என் கணவர் கத்தினார்.

அவள் கண்ணைத் திறந்தாள். "போங்கண்ணே, போங்க. ஆம்பளைய எல்லாம் கடக்கட்டும்னு நிக்கேன். டீச்சரம்மா, கூட்டிட்டுப் போங்க."

நாங்கள் கடந்தோம். அவரை வாசலில் விட்டேன். திரும்பி நடந்தேன். அவளைத் தாண்டாமல் வீட்டுக்குப் போக முடியாது.

அவள் அங்கேயே இருந்தாள். கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, அவள் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. என் கணவரின் பயத்தை எடுத்துப்போட்டவள் பயமே இல்லாதவள் என்று நான் நினைத்திருந்தேன்.

"எல்லாரும் போயாச்சா டீச்சரம்மா? இன்னும் ரெண்டு பேர் வரணும்."

"ராகேல், வீட்டுக்குப் போ."

"ஆனை..."

"ஆனை இல்ல."

"போயிருச்சா?"

"வரவே இல்ல. நான்தான் சொன்னேன். சும்மா சொன்னேன்."

அவள் டின்னை இறக்கினாள். "சும்மான்னா?"

"அவரு என்னைத் தேடணும்னு."

அவள் கையில் இருந்த குச்சியை விசிறி எறிந்தாள்.

"ஏட்டி! இது எந்த எடம்னு தெரியுமா ஒனக்கு? அவுக செத்த எடம். ஒரு வருசத்துக்கு மேல இந்தப் பக்கம் நான் காலு வைக்கல. கொழுந்துக்குப் போனாக்கூட அந்தப் பக்கமா சுத்திப் போவேன். புள்ளைய அடுத்த வீட்டுல விட்டுட்டு, 'ஆண்டவரே, என்னால முடியாது, நீரு வாரும்'னு அழுதுக்கிட்டே வந்து நிக்கேன். நீ சும்மா சொன்னியாக்கும்!"

டீச்சரம்மா போய் ஏட்டி வந்தது. அது எனக்கு நியாயமாகவே பட்டது.

"என்ன வேணும்னாலும் சொல்லு" என்றேன்.

"சொல்லத்தான் போறேன். நாளைக்கு நீதான் சபையில சொல்லணும். அண்ணன்கிட்ட நான் சொன்னா கோள் சொன்னதா ஆயிரும். பொம்பளையெல்லாம் நேத்துலருந்து மலையச் சுத்துதாளுவ. ஒருத்தி வழுக்கி விழுந்து முட்டி வீங்கிக் கெடக்கா. அவளுக்கும் சேத்துச் சொல்லு."

டின்னை எடுத்துக்கொண்டு நடந்தாள். நான்கு எட்டு வைத்துத் திரும்பினாள். அழுதுகொண்டிருந்தாள்.

"ஒரு விசயம். ஆனை இல்லன்னு தெரிஞ்சிருந்தா நான் இந்த எடத்துக்கு வந்திருக்கவே மாட்டேன்; இப்ப வந்து நின்னுட்டேன். ஆனாலும் இதுக்கு நான் ஒனக்கு நன்றி சொல்லுவேன்னு மட்டும் நெனையாத."

என் சாட்சி

மறுநாள் பாட்டு முடிந்தது. "சாட்சி சொல்லப் பிரியப்படுகிறவர்கள் எழும்பலாம்" என்றார் கிழவர். என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

எதைப் பற்றிப் பயந்தேன் என்று சொல்ல வேண்டும். சபை ஏசுவதைப் பற்றி இல்லை. வேலை போவதைப் பற்றிக்கூட இல்லை. இதைக் கேட்ட பிறகு அவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்பதுதான். அவர் மனதில் எனக்கு இருந்த ஒரே இடம், நம்பிப் பிடிக்கக்கூடிய கை என்ற இடம். அதை நானே எழுந்து நின்று உடைக்க வேண்டும்.

சிறுவயது முதல் அச்சடித்த ஜெபங்கள் நிறைய மனப்பாடம். ஒன்றும் வாயில் வரவில்லை. ராகேல் சொன்னது மட்டும் வந்தது: 'என்னால முடியாது, நீரு வாரும்.' பொறாமைப்பட்டவளிடமிருந்தே கடன் வாங்கி ஜெபித்தேன். பயம் போகவில்லை. ஆனால் கால் எழுந்துவிட்டது.

சொன்னேன். காய்கறிக்காரர் வரவில்லை, யானை வரவில்லை, என் கணவர் என்னைத் தேட வேண்டும் என்று சொன்ன பொய் என்று. முட்டி வீங்கியவளின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ராகேலின் பெயரையும் சொன்னேன். அவள்மீது எனக்குப் பொறாமை என்று சபை நடுவே சொன்னேன்.

பின்வரிசையில் ஒருத்தி, "அடி கள்ளி!" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். முட்டி வீங்கியவள், "எண்ணெய் போட்டுத் தேச்சுவிட டீச்சரம்மாவே வரட்டும்" என்றாள். அந்த வாரம் முழுதும் போனேன். அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

ஆண்கள் பக்கம் அவர் தலை குனிந்திருந்தார்.

மூன்று நாட்கள்

திங்கள், செவ்வாய், புதன். பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டார். நான் எழும் முன்பே கிளம்பிப் போனார், தனியாக. பஞ்சாங்கத்தில் அந்த மூன்று நாட்களிலும் எண்ணெய் தேய்த்த குறிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

வியாழன் விடியலில் விழித்தபோது அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"சூசை விசயத்த ஒங்கிட்ட ஏன் சொல்லலன்னு கேக்க மாட்டியா?"

"கேக்கல."

"கேக்காமத்தான் பத்து நாளா பாத்திரத்த உருட்டுத." திரும்பாமலே பேசினார். "சொன்னா மறுநா காலையில நீ என் கையப் பிடிக்க மாட்டேன்னு நெனச்சேன். கூப்பிட்டவனுக்குப் பதில் குடுக்காதவன் கைய எவ பிடிப்பா? ராகேல்கிட்ட எனக்கு இழக்க ஒண்ணும் இல்ல. அதனால சொல்லிட்டேன்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"பேரச் சொல்லாம விட்டது வேற" என்றார். "பொண்டாட்டி கையப் பிடிச்சு வேலைக்குப் போனேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. கூட்டாளியக் கைவிட்டதச் சொல்லிட்டேன், இதுக்கு வெக்கம். என்ன மனுசன் பாரு."

"ஊருக்கே தெரியுமே."

"தெரியும். நான் சொல்லணும்லா."

எழுந்தார். மஞ்சு முற்றம்வரை வந்திருந்தது. "இன்னைக்கு வாரியா?" என்று கேட்டார்.

"பயமா இருக்கா?"

"இல்ல."

பொய் இல்லை என்று தெரிந்தது. எனக்காகக் கேட்கிறார். என் கையை அவர் பிடித்துக் கூட்டிப்போகத் தயாராக நிற்கிறார். போயிருக்கலாம். எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. போனால் மறுபடி கோடு போட ஆரம்பிப்பேன் என்றும் தெரிந்தது.

"நீங்க போயிட்டு வாங்க. எனக்கு இட்லிக்கு அரைக்கணும்" என்றேன்.

அவர் படி இறங்கினார். என் சொந்த வார்த்தையில் நான் செய்த முதல் ஜெபம் அப்போதுதான். அவர் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்கவில்லை. அதை ராகேல் கேட்டிருப்பாள். 'ஆண்டவரே, அவரை உம்மிடம் விட எனக்கு மனமில்லை. இருந்தாலும் விடுகிறேன். அவர் திரும்பிப் பார்க்காமல் போகட்டும், அதை நான் தாங்கட்டும்' என்றேன்.

மஞ்சுக்குள் முதலில் கால் மறைந்தது, பிறகு கம்பளி, பிறகு தலை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.